மீனுக்குப் பட்டாணி போட்ட கதை: ஹவாயில் எங்கே மிதக்கலாம்?

ஹவாய்ல ஸ்நார்கலிங் பண்ண நல்ல இடம் எதுன்னு கேட்டா நான் நாலு வருஷத்தைச் சொல்லுவேன். 1967, 1969, 1977, 1983. என்னடா இவன், பீச் பேரைக் கேட்டா எஸ்எஸ்எல்சி கொஸ்டின் மாதிரி வருஷத்தைச் சொல்றான்னு முறைக்காதீங்க. காரணம் இருக்கு.

நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துல இது வழக்கம். கலிஃபோர்னியா ஆன்சைட் வந்து ஒரு வருஷம் ஆணி புடுங்கி முடிச்சதும், நாலு நாள் லீவ் சேர்ந்தா ஹவாய். ஓட்டல் புக் ஆயிடும், வாடகைக் கார் புக் ஆயிடும். அப்புறம்தான் "மச்சி, மீன் எங்கேடா நல்லாத் தெரியும்?"னு கேள்வி வரும். ரிவ்யூவுல எல்லா பீச்சுக்கும் நாலரை நட்சத்திரம் இருக்கும். அதை வச்சு ஒண்ணும் தெரியாது. ஒரு கடற்கரையில மீன் ஏன் இருக்கு, பக்கத்துக் கடற்கரையில ஏன் இல்லைங்கிறது வரலாற்றுக் கேள்வி. மேல சொன்ன நாலும் அந்தந்த இடத்துல மீன்பிடிக்கிறதுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்ட வருஷங்கள்.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். (கொசுவர்த்தி சுத்திக்கோங்க.)

வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடி ஹவாய்ல 'கபு'ன்னு ஒரு ஏற்பாடு இருந்தது. விலக்கு, தடைன்னு வச்சுக்கலாம். மலை உச்சியில ஆரம்பிச்சு பவளத்திட்டு வரைக்கும் ஒரு துண்டு நிலம், அதுக்கு ஒரு மேற்பார்வைக்காரர், பேரு 'கொனோஹிகி'. எந்த மீனை எப்போ பிடிக்கலாம்னு அவர் சொல்லுவார். 'அக்கு'ங்கிற சூரை வகை மீனுக்கு ஆறு மாசம் தடைன்னா, அந்த ஆறு மாசமும் 'ஓப்பெலு' பிடிக்கலாம். அடுத்த ஆறு மாசம் அப்படியே தலைகீழ். மீறினா சும்மா விடமாட்டாங்க, உயிரே போகலாம். கொடூரம்தான், மறுக்கலை. ஆனா மீன் முட்டை போடுற காலம் தெரிஞ்சவங்க போட்ட சட்டம் அது.

1819-ல் ராஜ குடும்பமே பழைய கபு முறையைக் கைவிட்டது. 1839-ல் மூன்றாம் கமேஹமேஹா மீன்பிடி உரிமைகளை எழுத்துல சட்டமாக்கினார். 1893-ல் ராணியைக் கவிழ்த்து, 1898-ல் அமெரிக்கா தீவுகளை இணைச்சுக்கிட்டது. 1900-ல் வந்த அமெரிக்கச் சட்டம், பதிவு செஞ்சு நிரூபிச்ச உரிமைகள் தவிர மத்த கொனோஹிகி உரிமைகளை எல்லாம் நீக்கி, கடலை எல்லாருக்கும் திறந்து விட்டுச்சு. கேட்க ஜனநாயகமா இருக்கு இல்ல? எல்லாருக்கும் சொந்தம்னு ஆனது யாருமே பாத்துக்காத ஒண்ணா ஆயிடும்ங்கிறதுக்கு நம்ம ஊர் ஏரியே போதும், விளக்கத் தேவையில்லை.

அடுத்தது கருவிகள். 1933-ல் லூயி த கொர்லியுங்கிற பிரெஞ்சுக்காரர் காலுக்கு மாட்டுற ரப்பர் துடுப்புக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் மாஸ்க், குழாய், துடுப்பு எல்லாம் சாதாரண ஜனங்க கையிலயும் வந்துச்சு. 1959-ல் ஹவாய் அமெரிக்காவோட ஐம்பதாவது மாநிலம் ஆச்சு, அதே வருஷம் ஜெட் விமானமும் வந்து இறங்குச்சு. மாஸ்க்கும் ஜெட்டும் ஒண்ணா சேர்ந்ததுதான் இந்த விடுமுறைங்கிற சமாச்சாரமே.

இப்ப ஹனௌமா விரிகுடா. ஓஆஹு தீவுல, வைகீகியிலிருந்து காருல அரை மணி நேரம்தான். எரிமலை வாய் ஒண்ணு, ஒரு பக்கச் சுவரைக் கடல் உடைச்சுட்டு உள்ள வந்து உக்காந்திருக்கு. மேல நின்னு பாத்தா லாடம் மாதிரி வளைவு, நடுவுல பச்சைத் தண்ணி. மூணு பக்கமும் மலை இருக்கிறதால அலை அடங்கி வரும். நீச்சல் சுமாரா தெரிஞ்சவன் கூட மிதக்கலாம்னு தோணும்.

பழைய ராஜ வம்சத்து நிலங்களை வச்சிருந்த பிஷப் எஸ்டேட், 1928-ல் இதைப் பூங்காவா வச்சிக்கணும்ங்கிற நிபந்தனையோட ஹொனலூலு நகரத்துக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தது. போர்க்காலத்துல கரையில முள்கம்பி. அப்புறம் 1956-ல் நடந்ததுதான் நம்ம துறைக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியது. ஹவாயையும் கலிஃபோர்னியாவையும் இணைக்க கடலடியில தொலைபேசிக் கேபிள் போட்டாங்க. அது கரையேறின இடம் இந்த விரிகுடா. கேபிளுக்கு வழி பண்ண பவளத்திட்டை வெடிவச்சுத் தகர்த்தாங்க. 1957-ல் போன் பேச ஆரம்பிச்சாங்க. இன்னைக்கும் அங்க பாறைக்கு நடுவுல நேரா ஒரு கால்வாய் ஆழக்கடலை நோக்கிப் போகுது, பேரே 'கேபிள் சேனல்'. நெட்வொர்க் ஆளுங்க போனா ஒரு கும்பிடு போட்டுட்டு வாங்க.

1961-ல் எல்விஸ் பிரெஸ்லியோட 'ப்ளூ ஹவாய்' படம். அதுல இந்தக் கடற்கரை வந்ததும் கூட்டம் கூடிருச்சு. அதுக்குள்ள மீன் பாதி காலி. 1967-ல் இதை மாநிலத்தோட முதல் கடல்வாழ் உயிர்ப் பாதுகாப்பு மாவட்டமா அறிவிச்சு மீன்பிடிக்கத் தடை போட்டாங்க. பழைய கபுவேதான், புது லெட்டர்பேடுல.

சில வருஷத்துல மீன் திரும்பி வந்துச்சு, கூடவே மனுஷங்களும். எண்பதுகளோட கடைசியில ஒரு நாளைக்கு 10,000 பேர், வருஷத்துக்கு 30 லட்சம் பேர்ன்னு கணக்கு சொல்றாங்க. அவ்வளவும் நம்ம மெரினாவுல ஒரு மூலை அளவு இருக்கிற மணல்ல! தூண்டில் போடக்கூடாதுன்னுதானே சட்டம், சாப்பாடு போடக்கூடாதுன்னு இல்லையே? ரொட்டி, உறையவச்ச பட்டாணி எல்லாம் பாக்கெட் பாக்கெட்டா தண்ணியில கொட்டினாங்க. குழந்தைங்க கையிலிருந்து மீன் பிடுங்கித் தின்னும், ஃபோட்டோ எடுப்பாங்க. எவ்ளோ அழகு!

ஆனா பட்டாணி தின்ன வந்தது முரட்டு மீன்கள். பெருத்து, பெருகி, மத்த சின்ன மீன்களை ஓரங்கட்டிருச்சு. கிளிமீன் கதை தெரியுமா? பாறை மேல இருக்கிற பாசியை அலகால சுரண்டித் தின்னும், கூடவே பவளத்தையும் கடிக்கும். செரிச்சது போக பின்னாடி வெள்ளை மணலா வெளிய வரும். ஹவாயோட வெள்ளை மணல்ல கணிசமான பங்கு இந்த மீனோட... சரி, சாப்பிடுற நேரத்துல படிக்கிறவங்க இருப்பீங்க, விடுங்க. பாசி மேயுற இந்த மாதிரி மீன் தன் வேலையைச் செஞ்சாதான் பவளம் மூச்சு விடும். ஆயிரம் பேர் பவளத்து மேலயே ஏறி நின்னு மாஸ்க்கை சரி பண்ணினா, மீன் என்ன பண்ணியும் பிரயோஜனமில்ல.

1990-ல் நகராட்சி முழிச்சுக்கிட்டது. டூர் பஸ் கும்பலைக் கட்டுப்படுத்தினாங்க, கார் நிறுத்துமிடம் நிறைஞ்சா திருப்பி அனுப்பினாங்க. உள்ளூர்க்காரங்களுக்கு இலவசம், வெளியாளுக்குக் கட்டணம்னு வச்சாங்க. 1999-ல் மீனுக்குத் தீனி போடத் தடை. 2002-ல் கல்வி மையம் கட்டி, உள்ள போறதுக்கு முன்னாடி ஒன்பது நிமிஷ வீடியோ பாத்தே ஆகணும்னு கட்டாயமாக்கினாங்க. செவ்வாய்க்கிழமை மீனுக்கு வார விடுமுறை. (நமக்கே சனிக்கிழமை வரச் சொல்றான் மேனேஜர்!)

அப்புறம் 2020 மார்ச்சுல கோவிட் வந்து மூடுச்சு. டிசம்பர் வரைக்கும் மனுஷக் கால் படலை. ஹவாய் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் உள்ள போய் அளந்து பாத்தாங்க: தண்ணி தெளிஞ்சிருந்துச்சு. ஆட்கள் கிளப்புற வண்டல் இல்லாததால. திறக்கும்போது பழைய கூட்டத்தை விடலை. முதல்ல ஒரு நாளைக்கு 720 பேர், பிறகு கொஞ்சம் கூட்டினாங்க. 2021-ல் ஆன்லைன் முன்பதிவும், வெளியாளுக்கு 25 டாலர் கட்டணமும் வந்துச்சு. திங்களும் செவ்வாயும் லீவு. 10,000-த்துக்கும் 720-க்கும் நடுவுல இருக்கிற தூரத்தைப் பாருங்க. காசு கொட்டுற இடத்துல ஒரு நகராட்சி இப்படிப் பண்ணுதுன்னா சாதாரண விஷயம் இல்லைங்க.

அடுத்து 1969. பெரிய தீவுல கெயாலகெகுவா விரிகுடா. பவளத்தை மட்டும் பாத்தா என் கணக்குல இதுதான் முதல் இடம். கரையை ஒட்டி ஆழமில்லாத பவளத் திண்ணை, கொஞ்சம் தள்ளினா சடார்னு நீலமா இறங்கும்.

கேப்டன் ஜேம்ஸ் குக் செத்தது இங்கதான். 1779 ஜனவரி 17 அன்னிக்கு நங்கூரம் போட்டப்ப ஆயிரக்கணக்கான பேர் படகுல வந்து வரவேற்றாங்க. பிப்ரவரி 4-ல் கிளம்பினார். புயல்ல பாய்மரம் உடைஞ்சு 11-ல் திரும்பி வந்தார். இந்தத் தடவை வரவேற்பு இல்லை. படகு ஒண்ணு திருடு போச்சு. அதை மீட்க ராஜா கலனியோபுவுவைப் பிணையா பிடிச்சிட்டு வரலாம்னு துப்பாக்கியோட கரையிறங்கினார். பிப்ரவரி 14, அந்தக் கரையிலயே குக்கும் நாலு கடற்படை வீரர்களும் கொல்லப்பட்டாங்க. ஹவாய்க்காரங்க பக்கமும் பல உயிர் போச்சு.

குக்கை லோனோங்கிற தெய்வம்னு நம்பித்தான் முதல்ல கும்பிட்டாங்கன்னு பள்ளிப் புத்தகக் கதை ஒண்ணு உண்டு. அதை மார்ஷல் சாலின்ஸ் விரிவா எழுத, 1992-ல் நம்ம பக்கத்து இலங்கையைச் சேர்ந்த மானுடவியலாளர் கணநாத் ஒபயசேகர, "வெள்ளைக்காரனைச் சாமின்னு நினைச்சாங்கன்னு சொல்றது ஐரோப்பியர் கட்டின கதை"ங்கிற வாதத்தோட ஒரு புத்தகமே போட்டார். 1995-ல் சாலின்ஸ் பதில் புத்தகம் போட்டார். பின்னூட்டச் சண்டை எல்லாம் இதுக்கு முன்னாடி தூசு. என் ஓட்டு ஒபயசேகரவுக்கு. அதுக்குப் பெரிய ஆராய்ச்சி எல்லாம் இல்லை, சாமியை யாரும் கரையில வச்சுக் குத்த மாட்டாங்கங்கிற சாதா லாஜிக்தான்.

1874-ல் அங்க குக்குக்கு வெள்ளைத் தூண் ஒண்ணு வச்சாங்க. அந்தத் துண்டு நிலம் பிரிட்டன் பேருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. எல்லா டூர் படகும் அந்தத் தூண் பக்கம்தான் போகும். அது முன்னாடி செல்ஃபி எடுக்கிற கூட்டத்துல பாதிக்கு மேல, பின்னாடி நிக்கிற பெரிய செங்குத்துப் பாறையைக் கவனிக்காது. அதோட பொந்துகள்ல அந்தக் காலத் தலைவர்களோட எலும்புகளை மறைச்சு வச்சிருக்காங்க. கரையிலேயே கோவில் மேடை ஒண்ணும் இருக்கு. மயானமும் கோவிலும் இருக்கிற இடத்துல நாம ஷார்ட்ஸ் போட்டு மிதக்குறோம். போக வேண்டாம்னு சொல்லலை. தெரிஞ்சுட்டுப் போங்க, பாறையில ஏறாதீங்க. அனுமதி வாங்கின படகுல போகலாம், இல்ல மலையிலிருந்து ஒரு பாதை இறங்குது. இறங்குறது சுலபம், வெயில்ல ஏறி வர்றப்ப பரம்பரையே கண்ணுக்குத் தெரியும்.

1977, மொலோகினி. மாவி தீவுக்கும் கஹோஒலாவே தீவுக்கும் நடுவுல கடல்ல நிக்கிற பிறை வடிவப் பாறை. போர்க்கப்பல் மாதிரி தெரியுதுன்னு இரண்டாம் உலகப் போர்ல அமெரிக்கக் கடற்படை இதைக் குண்டு போட்டுப் பழகிச்சு. வெடிக்காத குண்டுகள் அடியில கிடந்தது. 1975-லயும், பாதுகாப்பு மாவட்டமா ஆன பிறகு 1984-லயும், அதை அப்படியே அங்கயே வெடிக்க வச்சாங்க. பவளம் பெரிய அளவுல நாசம். ஜனங்க கொதிச்சுப் போய், கடைசியில தன்னார்வ முக்குளிப்பாளர்களே 1986-ல் தேடி, கிடைச்ச குண்டுகளை ஆழக்கடலுக்கு நகர்த்தினாங்க. உயிரைப் பணயம் வச்ச வேலை. இன்னைக்கு டூர் படகுல ஜூஸ் குடிச்சுட்டு "வாவ், விசிபிலிட்டி"ன்னு சொல்றோமே, அதுல அவங்க பங்கும் இருக்கு. இங்கயும் 2020-ல் படகு நின்னப்ப, ஒதுங்கிப் போயிருந்த வேட்டை மீன்கள் பிறைக்குள்ள திரும்பி வந்ததையும், படகுகள் திரும்பினதும் அதுங்க மறுபடி விலகினதையும் ஆராய்ச்சியாளர்கள் பதிவு பண்ணினாங்க.

போனா காலையிலேயே போங்க. மதியம் காத்து கிளம்பி கடல் கலங்கும்.

1983 புபுகேயா, ஓஆஹு வடகரை. அங்க இருக்கிற குளம் மாதிரி இடத்துக்கு 'ஷார்க்ஸ் கோவ்'னு பேரு, சுறாவுக்குப் பயப்படாதீங்க, அலைக்குப் பயப்படுங்க. கோடையில கண்ணாடி, குளிர்காலத்துல ஆளை அடிச்சுப் போடும். டிசம்பர் லீவுல போறவங்க இதை மறந்துடுங்க.

அப்போ எதைத் தேர்ந்தெடுக்கிறது? குழந்தைங்க, முதல் தடவைன்னா ஹனௌமா. உயிர்காப்பாளர்கள் இருக்காங்க. பவளத்துக்காகவே போனா கெயாலகெகுவா. மொலோகினிக்கு நான் இப்போதைக்கு என் காசைக் கொடுக்க மாட்டேன், அந்த வேட்டை மீன் சமாச்சாரம் படிச்சதிலிருந்து மனசு ஒப்பலை. நீங்க போனா திட்டவும் மாட்டேன்.

டிஸ்கி: ஹவாய்ல சுற்றுலா வந்தவங்க கடல்ல இறக்குறது அதிகமா நடக்குறது ஸ்நார்கலிங்லதான், அதுவும் அமைதியான தண்ணியில, சத்தமே இல்லாம. தனியா போகாதீங்க, மூச்சு வாங்கினா உடனே குழாயைத் துப்பிட்டு மல்லாக்கப் படுத்து கையைத் தூக்குங்க. 2021-லிருந்து ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் இருக்கிற சன்ஸ்க்ரீனை அங்க கடையில சாதாரணமா விக்கக் கூடாது. ஊர்லேர்ந்து எடுத்துட்டுப் போற டியூபோட பின்பக்கத்தைப் படிச்சுப் பாருங்க. இல்லேன்னா பேசாம முழுக்கை சட்டை போட்டுட்டு இறங்குங்க. மாநில மீனைப் பாத்தா பேரைச் சொல்லிப் பழகுங்க: ஹுமுஹுமுநுகுநுகுஆபுஆஅ. இதை வேரியபிள் நேமா வச்சு யாராவது கோட் எழுதினா எனக்கு ரிவ்யூவுக்கு அனுப்பாதீங்க.