குளத்தைச் சுத்தி நடைபாதை போட்டா போதுமா? நாஞ்சில் நாட்டின் பழைய நீர்வழிகளை மீட்பது எப்படி?

ஒரு குளத்தைத் தூர்வாரி, கரையில் நடைபாதை, விளக்கு, பெஞ்ச் எல்லாம் போட்டாச்சு. திறப்பு விழாவும் முடிஞ்சாச்சு. ஆனா அடுத்த கோடையில் குளம் வறண்டு போகுது, இல்லைன்னா சாக்கடை தேங்கி நிற்குது. தமிழ்நாட்டின் பல நகரங்களில் இதைப் பார்க்கிறோம். பழைய நீர்வழிகள் நகரத்துக்குள்ளேயே ஓடும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது ரொம்ப முக்கியமான பிரச்னை. ஏன் இப்படி ஆகுது, எப்படிச் சரி செய்யலாம்? பார்ப்போம்.

நாஞ்சில் நாட்டுக் குளங்கள் எப்படி வேலை செய்தன?

இங்கே எந்தக் குளமும் தனிக் குளம் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்து வரும் தண்ணீர் பாண்டியன் கால், அனந்தனாறு, தோவாளை சானல், நாஞ்சில் புத்தனாறு போன்ற கால்வாய்கள் வழியாகவும், பழையாறு வழியாகவும் குளங்களுக்கும் வயல்களுக்கும் போகிறது. 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை இந்த அமைப்புக்குப் பெரிய பலமாக வந்தது. ஆனால் குளங்கள் அதைவிடப் பல நூற்றாண்டுகள் பழமையானவை.

ஒவ்வொரு குளத்துக்கும் நான்கு உறுப்புகள் உண்டு. தண்ணீர் வரும் வழி வரத்துக்கால். தேக்கி வைப்பது கரை. வயலுக்குத் திறந்து விடுவது மடை. நிறைந்த பிறகு மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி மறுகால். ஒரு குளத்தின் மறுகால் தண்ணீர்தான் பெரும்பாலும் அடுத்த குளத்துக்கு வரத்து. கடைசியில் எல்லாம் பழையாறு வழியாக மணக்குடி காயலில் சேரும். சங்கிலி மாதிரி! நடுவில் ஒரு கண்ணி அறுந்தா, மேலே வெள்ளம், கீழே வறட்சி.

நகரத்துக்குள் என்ன ஆச்சு?

வயல்கள் வீட்டுமனை ஆனதும், "இனி மடை எதுக்கு, கால்வாய் எதுக்கு?" என்ற எண்ணம் வந்துவிட்டது. வரத்துக்கால்கள் கழிவுநீர் ஓடையாகின. மறுகால்கள் மேல் ரோடும் சுவரும் வந்தன. ஆனா பாசனம் நின்னாலும் மழை நிற்கலையே! தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. 2021 நவம்பர் மழையில் நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் தாழ்வான பகுதிகள் மூழ்கியது பலருக்கும் நினைவிருக்கும். தண்ணீர் தன் பழைய வழியைத்தான் தேடும். வழி இல்லைன்னா வீட்டுக்குள் வரும்.

பிற நகரங்களும் இந்த விலையைக் கொடுத்திருக்கின்றன. சென்னையில் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் இன்று வள்ளுவர் கோட்டம் நிற்கிறது.

மீட்டுக் காட்டிய ஊர் உண்டா?

உண்டு. மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், திருமலை நாயக்கர் காலத்தில் 1645-ல் உருவானது. வைகையில் இருந்து வரும் கால்வாய் அடைபட்டதால் பல ஆண்டுகள் வறண்டு, பசங்க கிரிக்கெட் ஆடும் மைதானமாகவே இருந்தது. பனையூர் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் மறுபடி வந்த பிறகு குளம் நிறைந்தது. மாலையில் ஜனங்க கரையில் வந்து உட்காருகிறார்கள். மாற்றம் குளத்துக்குள் மட்டும் நடக்கவில்லை, குளத்துக்கு வரும் வழியிலும் நடந்தது.

டெல்லியில் ஹுமாயூன் சமாதித் தோட்டத்திலும் இதே பாடம்தான். ஆகா கான் அறக்கட்டளையும் இந்தியத் தொல்லியல் துறையும் சேர்ந்து அந்தத் தோட்டத்தை மீட்டு 2003-ல் முடித்தன. அங்கே கல் வாய்க்கால்களை 40 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் சரிவு என்ற கணக்கில் திரும்பப் பதித்தார்கள். பழைய கிணறுகளைத் தூர்வாரினார்கள். மழைநீர் நிலத்தில் இறங்க 128 உறிஞ்சு குழிகள் அமைத்தார்கள். அழகுக்கு முன்னால் தண்ணீரின் மட்டத்தைச் சரி பண்ணினார்கள்.

அப்போ எந்த வரிசையில் செய்யணும்?

1. எல்லை: வருவாய்த் துறைப் பதிவேடுகளையும் புலப்படத்தையும் வைத்துக் குளம், வரத்துக்கால், மறுகால் மூன்றையும் அளந்து கல் நட வேண்டும். குளத்தை மட்டும் அளந்தால் போதாது.

2. கழிவுநீர்: சாக்கடை இணைப்புகளை முதலில் துண்டிக்க வேண்டும். அதுக்கு முன்னாடி தூர்வாரினால், சாக்கடைக்குப் பெரிய தொட்டி வெட்டிக் கொடுத்த மாதிரிதான்.

3. வரத்தும் மறுகாலும்: இரண்டையும் திறந்து, மட்டம் சரிபார்க்க வேண்டும்.

4. தூர்வாருதல்: எல்லா இடத்தையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டக் கூடாது. ஓரத்தில் ஆழம் குறைந்த பகுதி இருந்தால்தான் கொக்கு, நாரை போன்றவை நின்று இரை தேட முடியும். கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரை பலவீனமாகும்.

5. கரையும் மடையும்: மண் கரையைப் பலப்படுத்தலாம். குளத்தின் அடியில் கான்கிரீட் போட்டால் தண்ணீர் கீழே இறங்காது, பக்கத்துக் கிணறுகள் ஊறாது.

6. பூங்கா: நடைபாதையும் விளக்கும் கடைசியில். இரவு முழுக்க எரியும் பெரிய விளக்குகள் பறவைகள் அடையும் மரங்கள் பக்கம் வேண்டாம்.

பறவைகளுக்கும் இதில் பங்கு உண்டா?

நிச்சயமா. நாகர்கோவில் பக்கத்திலேயே இருக்கும் சுசீந்திரம் - தேரூர் ஈரநிலங்களும் (சுமார் 94 ஹெக்டேர்), வேம்பனூர் ஈரநிலமும் (சுமார் 20 ஹெக்டேர்) 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. இரண்டுமே மனிதர்கள் வெட்டிய குளங்கள். பாசனத்துக்காக வெட்டிய குளம் உலக அளவில் முக்கியமான பறவை வாழிடம் ஆகியிருக்கு. ஒரே குளம் பாசனம், வெள்ளத் தடுப்பு, நிலத்தடி நீர், பறவை என எல்லாத்துக்கும் பயன்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சட்டம் என்ன சொல்லுது?

2017 ஈரநில விதிகள் ராம்சார் தலங்களுக்கும் அறிவிக்கப்பட்ட ஈரநிலங்களுக்கும் பொருந்தும். ஆக்கிரமிப்பு, குப்பை கொட்டுவது, சுத்திகரிக்காத கழிவுநீர் விடுவது எல்லாம் அங்கே தடை. படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டடங்களுக்கும், வெள்ள மட்டத்தில் இருந்து 50 மீட்டர் வரை அனுமதி இல்லை. ஏரி, குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டு வந்தது.

நீங்க என்ன கேட்கலாம்?

உங்க பகுதியில் குளச் சீரமைப்புப் பணி நடந்தால் மூன்று கேள்வி கேளுங்க. இந்தக் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? நிறைஞ்சா எந்த வழியா போகும்? சாக்கடை எங்கே நிறுத்தப்பட்டிருக்கு? திட்ட வரைபடத்தில் இந்த மூணுக்கும் பதில் இல்லைன்னா, அங்கே வரப் போவது நடைபாதை மட்டும்தான், குளம் இல்லை.