சிங்கப்பூர் ராத்திரி: பாருக்குள்ளே கொண்டாட்டம், ரோட்டில் குடித்தால் அபராதம்!

சிங்கப்பூரில் குப்பை போட்டால் அபராதம். ஆனால் ராபிள்ஸ் ஓட்டலின் 'லாங் பார்' உள்ளே போனால் கடலையை உரித்து தோலை தரையிலேயே போடலாம். யாரும் கேட்கமாட்டார்கள்.

1887-ல் திறந்த இந்த ஓட்டலின் ஸ்பெஷல் 'சிங்கப்பூர் ஸ்லிங்'. ஜின், செர்ரி பிராந்தி, அன்னாசி சாறு, எலுமிச்சை எல்லாம் கலந்தது. 1915-ல் நியாம் டோங் பூன் என்ற பார் ஊழியர் கண்டுபிடித்தாராம். பெண்கள் நாலு பேர் முன்னால் மது குடிக்க முடியாத காலம் அது. அதனால் ரோஸ் கலரில் ஜூஸ் மாதிரியே சரக்கு செய்தார் என்பது ஓட்டல்காரர்கள் சொல்லும் கதை. ஒரு கிளாஸ் 30 வெள்ளிக்கு மேல். நம்ம காசில் 2 ஆயிரம் ரூபாயை தாண்டும். அங்கே கட்டிட வேலைக்கு போன நம்மாட்கள் பலருக்கு ஒரு நாள் சம்பளமே அவ்வளவு வராது!

கிளார்க் கீ ஆற்றங்கரை பார்களிலும் ராத்திரி பாட்டு, டான்ஸ்தான். லைசென்ஸ் உள்ள இடம் என்பதால் சிக்கல் இல்லை. ரோட்டில் கதையே வேறு.

2013 டிசம்பர் 8-ந்தேதி இரவு லிட்டில் இந்தியாவில் பஸ் மோதி தமிழக தொழிலாளி ஒருவர் பலியானார். கலவரம் வெடித்தது. போலீஸ் வண்டி, ஆம்புலன்ஸ் எரிந்தன. மதுவும் ஒரு காரணம் என்றது விசாரணை குழு.

2015 ஏப்ரலில் புது சட்டம் வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது. கடையில் பார்சலும் கிடையாது. மீறினால் 1,000 வெள்ளி வரை அபராதம். மறுபடி மாட்டினால் 2,000 வெள்ளி வரை, ஜெயிலும் உண்டு. லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் பாட்டிலையே திறக்க முடியாது. அங்கே தண்டனையும் ஒன்றரை மடங்கு.