டொன்கட்சு: தடையிலிருந்து தட்டுக்கு வந்த உணவின் வரலாறு

டொன்கட்சு என்பது தடிமனாக வெட்டிய பன்றி இறைச்சித் துண்டில் மாவு, அடித்த முட்டை, ரொட்டித்தூள் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பூசி, நிறைய எண்ணெயில் பொரித்தெடுக்கும் ஜப்பானிய உணவு. துருவிய முட்டைக்கோஸ், வெள்ளைச் சோறு, மிசோ சூப், ஊறுகாய் ஆகியவற்றுடன் இது பரிமாறப்படுகிறது. இன்று ஜப்பானின் ரயில் நிலையங்களிலும் வணிக வளாக உணவரங்குகளிலும் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலான ஜப்பானியர் இறைச்சியைத் தீட்டாகக் கருதினர். அந்த மனத்தடையை அரசாணையால் மட்டும் நீக்க முடியவில்லை. இறைச்சியைச் சோற்றோடும் குச்சிகளோடும் பொருத்திக் கொடுத்த சமையல்காரர்களுக்கும் அதில் பெரும் பங்குண்டு.

சொல்லின் தோற்றம்

'டொன்' என்பது ஜப்பானிய மொழியில் பன்றியைக் குறிக்கும். 'கட்சு' என்பது 'கட்சுரெட்சு' என்ற சொல்லின் சுருக்கம். ஆங்கிலத்தின் 'கட்லெட்' ஜப்பானியர் நாவில் கட்சுரெட்சு ஆனது. அந்த ஆங்கிலச் சொல், எலும்புடன் கூடிய இறைச்சித் துண்டைக் குறிக்கும் 'கோத்லெத்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தமிழகத்து உருளைக்கிழங்குக் கட்லெட்டும் இலங்கையின் மீன் கட்லட்டும் பெயரளவில் இதன் உறவுகளே. ஒரே சொல் மூன்று இடங்களில் மூன்று வேறு பண்டங்களைக் குறிக்கிறது.

மேற்பூச்சாகும் ரொட்டித்தூளின் பெயர் 'பான்கோ'. இதில் 'கோ' என்பது தூள். 'பான்' என்பது போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்று அழைப்பதும் அதே போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்துதான்.

இறைச்சித் தடை

கி.பி. 675இல் பேரரசர் தென்மு பௌத்தத்தின் செல்வாக்கினால் ஓர் ஆணை பிறப்பித்தார். மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை ஆண்டின் நான்காம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை உண்பதை அது தடைசெய்தது. காட்டுப்பன்றியும் மானும் அந்தப் பட்டியலில் இல்லை. எனினும் பின்வந்த ஆணைகளாலும் சமய நம்பிக்கைகளாலும் நாற்கால் விலங்குகளின் இறைச்சி தீட்டு என்ற எண்ணம் வலுப்பெற்றது.

தடை இருந்தாலும் மக்கள் இறைச்சியை முற்றிலும் கைவிடவில்லை. எதோ காலத்தில் காட்டுப்பன்றி இறைச்சி 'மலைத் திமிங்கிலம்' என்ற பெயரில் விற்கப்பட்டது. திமிங்கிலம் மீனாகக் கருதப்பட்டதால் அதைத் தின்பதில் குற்றமில்லை. உடல்நலத்துக்காக இறைச்சி உண்பதை 'மருந்து உண்ணுதல்' என்றனர். தெற்கே ஒகினாவாவிலும் சட்சுமாவிலும் பன்றி வளர்ப்பு தொடர்ந்தது. கடைசி ஷோகுனான தொகுகவா யொஷினோபு, பன்றி இறைச்சிப் பிரியர் என்பதால் கேலிப்பெயரே பெற்றிருந்தார்.

பேரரசர் உண்ட இறைச்சி

1868இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியபின், மேலை நாட்டினரின் உடல் வலிமைக்கு இறைச்சி உணவும் ஒரு காரணம் என்ற கருத்து பரவியது. சிந்தனையாளர் ஃபுகுசவா யுகிச்சி 1870இல் இறைச்சி உணவை ஆதரித்துக் கட்டுரை எழுதினார். 1872இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்ட செய்தி வெளியிடப்பட்டது. அரசு மக்களுக்குக் காட்ட விரும்பிய முன்மாதிரி அது.

எல்லோரும் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு மலைவழிபாட்டுத் துறவிகள் பத்துப்பேர் அரண்மனைக்குள் நுழைய முயன்றனர். இறைச்சி உண்பதால் நாட்டின் தூய்மை கெட்டுவிட்டது என்பது அவர்களது குறை. காவலர்களுடன் நடந்த மோதலில் அவர்களில் பாதிப்பேர் உயிரிழந்தனர்.

எதிர்க்காதவர்களுக்கும் சிக்கல் இருந்தது. மேலைநாட்டு உணவகங்களில் விலை அதிகம். கத்தியும் முட்கரண்டியும் பிடிக்கப் பழக வேண்டும். வெண்ணெய் மணம் பலருக்குக் குமட்டியது. இறைச்சி அனுமதிக்கப்பட்டிருந்தும் சாதாரண வீட்டின் உணவாகவில்லை.

ரெங்கடெய் உணவகம்

1895இல் டோக்கியோவின் கின்சா பகுதியில் ரெங்கடெய் என்ற மேலைநாட்டு உணவகம் தொடங்கப்பட்டது. அக்காலக் கட்லெட், கன்றின் இறைச்சியை வெண்ணெயில் வாட்டிக் குழம்பு ஊற்றித் தரப்பட்ட பண்டம். 1899இல் ரெங்கடெய் பன்றி இறைச்சியை எடுத்துக்கொண்டு, தெம்புராவைப் பொரிப்பதுபோல் நிறைய எண்ணெயில் மூழ்கவிட்டுப் பொரித்தது. தெம்புரா ஜப்பானியருக்கு நன்கு பழகிய பண்டம். ஆகவே அன்னிய இறைச்சி, அறிந்த சமையல் முறையில் அவர்களிடம் வந்தது.

முட்டைக்கோஸ் சேர்ந்த கதையை இந்த உணவகமே சொல்லிவருகிறது. 1904–05இல் ரஷ்யாவுடன் போர் நடந்தபோது இளம் சமையல்காரர்கள் படைக்கு அழைக்கப்பட்டனர். காய்களை வேகவைக்க ஆளில்லாததால், பச்சை முட்டைக்கோஸைத் துருவி வைத்தனர். எண்ணெய்ப் பண்டத்துக்கு அது பொருத்தமாக அமைய, வழக்கமாகிவிட்டது.

அதே போர் பன்றி இறைச்சியின் நிலையையும் மாற்றியது. படையினருக்கு டப்பாவில் அடைத்து அனுப்ப மாட்டிறைச்சி பெருமளவில் தேவைப்பட்டது. நகரங்களில் அதன் விலை உயர, மக்கள் பன்றி இறைச்சிக்குத் திரும்பினர். தாய்ஷோ காலத்தில் (1912–1926) கட்சுரெட்சு, கொரொக்கே, கறிச்சோறு ஆகியவை மேலைநாட்டு உணவுகளில் பெயர்பெற்ற மூன்றாக விளங்கின.

கத்தியிலிருந்து குச்சிக்கு

இன்றைய வடிவம் டோக்கியோவின் உவெனோ பகுதியோடு தொடர்புடையது. அரண்மனைச் சமையலறையில் பணியாற்றிய ஷிமதா ஷின்ஜிரோ, பொன்ச்சிக்கென் என்ற உணவகத்தில் 1929இல் தடித்த துண்டைப் பொரித்து டொன்கட்சு என்ற பெயரில் விற்றதாகப் பரவலாகக் கூறப்படுகிறது. அப்பெயருக்கு வேறு உணவகங்களும் உரிமை கோருகின்றன.

யார் முதலில் செய்தார் என்பதைவிட என்ன மாறியது என்பதே முக்கியம். துண்டைச் சமையலறையிலேயே விரல் அகலப் பட்டைகளாக வெட்டிவிட்டனர். அதனால் கத்தி, முட்கரண்டி தேவையற்றுப் போயின. சோறு தனிக் கிண்ணத்திலும் மிசோ சூப் அதன் அருகிலும் வந்தன. 1930இல் உவெனோவில் தொடங்கிய இசென், குச்சியாலேயே துண்டாக்கக்கூடிய மென்மையான டொன்கட்சு என்பதையே தன் அடையாளமாக்கியது. கட்சுரெட்சு மேலைநாட்டு உணவாகவே எண்ணப்பட்டது. டொன்கட்சுவை ஜப்பானியர் தம் சொந்த உணவாக எண்ணினர்.

கிளைகள்

டொன்கட்சுவை வெங்காயத்தோடும் முட்டையோடும் கொதிக்கவிட்டுச் சோற்றின்மேல் போடுவது கட்சுடோன். நகோயா நகரில் இதன்மேல் கருஞ்சிவப்பு மிசோக் குழம்பை ஊற்றி மிசோகட்சு என்பர். கறிச்சோற்றின்மேல் வைத்தால் கட்சுக் கறி. 1948இல் கின்சாவின் ஓர் உணவகத்தில் சிபா ஷிகெரு என்ற பேஸ்பால் வீரர் இரண்டையும் ஒரே தட்டில் கேட்டதிலிருந்து அது பரவியது என்பது பிரபலமான கதை. அந்தக் கறி பிரிட்டன் வழியாக ஜப்பானை அடைந்தது. பெயரின் வேர் தமிழின் 'கறி' என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

தொட்டுக்கொள்ளும் கெட்டியான சாஸ், இங்கிலாந்தின் வூஸ்டர் சாஸிலிருந்து உருவானது. கோபே நகரின் ஆலிவர் நிறுவனம் 1948இல் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

'கட்சு' என்ற ஒலிக்கு ஜப்பானிய மொழியில் 'வெல்' என்ற பொருளும் உண்டு. எனவே தேர்வுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் முன் டொன்கட்சு உண்பது மாணவரிடையே வழக்கம்.

உணவரங்கில் டொன்கட்சு

1966இல் ஷின்ஜுகுவில் சபொதென், 1998இல் சகமிஹராவில் கட்சுயா எனச் சங்கிலி உணவகங்கள் தோன்றி விலையைக் குறைத்தன. உணவரங்கில் முறை எளிது. கொழுப்போரம் கொண்ட 'ரோசு', கொழுப்பற்ற 'ஹிரே' என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்து பணம் கட்ட வேண்டும். கையில் தரப்படும் சிறு கருவி ஒலித்ததும் தட்டை வாங்கி வரலாம். பொரித்த துண்டைக் கம்பி வலைமேல் வைப்பதால் அடிப்பக்கமும் மொறுமொறுப்பாக இருக்கும். சாஸும் கடுகு விழுதும் தொட்டு, இடையிடையே முட்டைக்கோஸை மென்று, சோற்றோடு உண்பர். பல கடைகளில் சோறு, சூப், முட்டைக்கோஸ் ஆகியவற்றை மீண்டும் இலவசமாகக் கேட்டு வாங்கலாம். ஒரு காலத்தில் கின்சாவின் வெள்ளை மேசைவிரிப்பில் பரிமாறப்பட்ட உணவு, இன்று பள்ளி மாணவரின் கைச்செலவுக்குள் அடங்குகிறது.

நீங்காத தீட்டு

உணவின்மீதிருந்த தீட்டு நீங்கியது. விலங்குகளை அறுத்தவர்கள்மீது சுமத்தப்பட்ட தீட்டு அவ்வளவு எளிதில் நீங்கவில்லை. அறுப்பு, தோல் தொழில்களில் பரம்பரையாக ஈடுபட்டு ஒதுக்கப்பட்ட மக்கள் பின்னாளில் புராகுமின் என அழைக்கப்பட்டனர். அவர்களது தாழ்த்தப்பட்ட நிலையை 1871ஆம் ஆண்டு அரசாணை சட்டப்படி ஒழித்தது. ஆனாலும் திருமணத்திலும் வேலையிலும் பாகுபாடு தொடர்ந்ததால், அவர்கள் 1922இல் சுய்ஹெய்ஷா என்ற சமத்துவ அமைப்பைத் தோற்றுவித்துப் போராடினர்.

டோக்கியோவின் ஷிபவுரா இறைச்சிச் சந்தை 1936 முதல் நகருக்கு இறைச்சி வழங்கிவருகிறது. அங்குள்ள தகவல் மையத்தில், தொழிலாளர்களை இழிவுபடுத்தி அனுப்பப்பட்ட கடிதங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. டொன்கட்சுவை விரும்பி உண்ணும் ஒரு நகரத்தில் அக்கடிதங்கள் எழுதப்பட்டன என்பதும் இந்த உணவின் வரலாற்றில் அடங்கும்.