எழுபது ஆண்டுகள் காத்திருந்த நாவல்

இன்று பேரிலக்கியங்கள் எனப் போற்றப்படும் நாவல்கள் எல்லாம் வெளிவந்த நாளிலேயே அவ்வாறு வரவேற்கப்பட்டவை அல்ல. அமெரிக்க எழுத்தாளர் ஹேர்மன் மெல்வில்லின் 'மொபி டிக்' அதற்குத் தக்க உதாரணம்.

1841 ஜனவரியில், தமது 21 ஆவது வயதில், 'அகுஷ்னெட்' என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் சாதாரண மாலுமியாகப் புறப்பட்டவர் மெல்வில். அந்தப் பயண அனுபவங்களிலிருந்து பிறந்த 'டைப்பி' (1846) அவருக்குப் புகழைத் தேடித் தந்தது. வாசகர்கள் தொடர்ந்தும் அத்தகைய கடற்கதைகளையே எதிர்பார்த்தனர். 1851 இல் அவர் கொடுத்ததோ வேறொன்று. வெள்ளைத் திமிங்கிலத்திடம் காலைப் பறிகொடுத்த கப்டன் ஆஹாப்பின் வஞ்சமே கதை. ஆனால் 135 அத்தியாயங்களில் பல, கதையை நிறுத்திவிட்டுத் திமிங்கிலத்தின் வகைகளையும் கொழுப்பைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் முறையையும் விவரிக்கின்றன.

அந்த ஆண்டு ஒக்டோபரில் லண்டனில் 'திமிங்கிலம்' என்ற பெயரில் மூன்று பாகங்களாக 500 பிரதிகள் அச்சாகின. அப்பதிப்பில் முடிவுரை விடுபட்டுப் போயிற்று. கப்பல் மூழ்கிய பின்னர் கதைசொல்லியான இஸ்மவேல் மட்டும் உயிர்பிழைத்தான் என்பதைக் கூறும் பகுதி அதுவே. எல்லோரும் இறந்துவிட்டால் கதையைச் சொன்னவர் யார் என்று விமர்சகர் சிலர் கேட்டனர். நவம்பரில் வந்த நியூயோர்க் பதிப்பில் முடிவுரை இருந்தது. ஆயினும் லண்டன் ஏடுகளின் கண்டனம் அமெரிக்கப் பத்திரிகைகளிலும் எடுத்தாளப்பட்டது. பாராட்டியவர்களும் இருந்தனர், அவர்களது குரல் எடுபடவில்லை.

1866 இல் மெல்வில் நியூயோர்க் சுங்கத்தில் பரிசோதகராகச் சேர்ந்து 19 ஆண்டுகள் பணியாற்றினார். 1891 இல் அவர் காலமானபோது, 'நியூயோர்க் டைம்ஸ்' வெளியிட்ட ஒரு கட்டுரையில் அவரது பெயரே 'ஹிராம் மெல்வில்' என்று பிழையாக அச்சாகியிருந்தது.

1919 இல் வந்த அவரது பிறந்த நூற்றாண்டை ஒட்டியே நிலைமை மாறத் தொடங்கியது. 1921 இல் ரேமண்ட் வீவர் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1923 இல் டி. எச். லோறன்ஸ் தமது அமெரிக்க இலக்கிய ஆய்வு நூலில் 'மொபி டிக்'கிற்கு உயர்ந்த இடமளித்தார்.

பல்கலைக்கழக நாட்களில் இந்நாவலை முதன்முறை கையிலெடுத்தபோது, திமிங்கிலங்களை வகைப்படுத்தும் 32 ஆவது அத்தியாயம் எனக்கும் ஐயத்தையே எழுப்பியது. நாவலுக்கு இவ்வளவு தகவல் எதற்கு? பல ஆண்டுகள் கழித்து மீண்டும் வாசித்தபோது 60 ஆவது அத்தியாயம் அதற்கு விடை தந்தது. ஈட்டியோடு பிணைக்கப்பட்ட கயிறு தொட்டியில் எவ்வாறு சுருட்டி வைக்கப்படுகிறது, படகிலிருக்கும் ஒவ்வொருவரையும் எவ்வாறு சுற்றிச் செல்கிறது என்பதை மட்டுமே மெல்வில் அங்கு சொல்கிறார். இறுதியில் ஆஹாப்பின் கழுத்தில் விழுந்து அவரைக் கடலுக்குள் இழுத்துச் செல்வது அத்தகைய கயிறுதான். வெறும் தகவல் எனத் தோன்றியது கதையின் முடிவுக்கான ஆயத்தம். அதன் பின்னர் இந்நாவலின் எந்தப் பக்கத்தையும் தாண்டிச் செல்ல எனக்கு மனம் வந்ததில்லை.

நூல் மதிப்புரை எழுதும் நம் போன்றோருக்கு இந்த வரலாறு ஓர் எச்சரிக்கை. அச்சில் விடுபட்டது ஒரு சிறு பகுதியே. ஆனால் நூலின் மீது விழுந்த தீர்ப்பு மாறுவதற்கு ஏறத்தாழ 70 ஆண்டுகள் சென்றன. அந்த மாற்றத்தைக் காண மெல்வில் உயிரோடு இருக்கவில்லை.