நம் மாவட்டமும் முக்கிமும்



உங்கள் ஊர் எது என்று கேட்டால் நம்மவர் உடனே தோட்டத்தின் பெயரைச் சொல்வர். எந்த டிவிஷன் என்பதையும் சேர்த்துச் சொல்வர். எந்த முக்கிம், எந்த மாவட்டம் என்று கேட்டாலோ பலர் கிராணியாரின் முகத்தைப் பார்ப்பர். அவை எப்படி உண்டாயின என்பதை இன்று காண்போம்.

குவாலா என்றால் ஆற்றின் முகத்துவாரம். சிலாங்கூர் ஆறு கடலில் சேருமிடமே குவாலா சிலாங்கூர். கரை நெடுகச் சேறும் அலையாத்திக் காடும். உள்ளே சதுப்பு நிலம். சாலையில்லாத அக்காலத்தில் ஆறுதான் பாதை. உள்நாட்டு ஈயம் படகில் இறங்கி வந்தாக வேண்டும். முகத்துவாரம் யார் கையிலோ, வரியும் அவர் கையில்! ஆகவேதான் ராஜா லுமு 1766-இல் சுல்தான் சலேஹுடீன் என்ற பெயரில் சிலாங்கூரின் முதல் சுல்தானானபோது, இவ்விடம் தலைநகராயிற்று. மெலாவத்திக் குன்றின் கோட்டையை 1784-இல் டச்சுக்காரர் பிடித்தனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்டுக்கொண்டார். 1871 ஜூலையில் ரினால்டோ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் இக்கோட்டையைத் தாக்கியது. 1874-இல் பிரிட்டிஷ் செல்வாக்கு சிலாங்கூரில் நிலைகொண்டது.

அதன் பின்னரே மாவட்டங்கள் வகுக்கப்பட்டு, மாவட்ட அதிகாரிகள் வந்தனர். மாவட்டத்துக்குள் முக்கிம்கள், முக்கிமுக்கு ஒரு பெங்குலு. வடக்கே பெர்ணம் ஆறு பேராக்குக்கும் சிலாங்கூருக்கும் எல்லையாயிற்று. சுங்கை பெசார் என்றால் பெரிய ஆறு என்று பொருள். ஆயினும் நம் வட்டாரத்தின் உண்மையான பெரிய ஆறு பெர்ணம்தான். தஞ்சோங் காராங் முதல் நம் பகுதி வரையுள்ள நெல் வயல்களுக்கு வாய்க்கால் வழியே நீர் தருவதும் அதுவே.

இங்கிலாந்தில் 1894-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டுப்புற மாவட்டங்கள் ஏற்பட்டன. அங்கே மக்கள் வாக்களித்து மன்றத்தைத் தேர்ந்தெடுத்தனர். அதே ஆங்கிலேயர் இங்கே அமைத்ததோ நியமன அதிகாரியின் ஆட்சி. தோட்டத்துக்குள் அந்த அதிகாரியும் தொலைவிலிருந்தார். துரை சொன்னதே சட்டம். நம் முன்னோர் மாவட்டத்தை அறியாமற் போனதில் வியப்பென்ன?

ஆனால் மாவட்டத்தை ஆக்கியவர்களில் அவர்களும் உண்டு. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் குவாலா சிலாங்கூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. தொடங்கியவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகொனியே. தோட்டத்தின் பெயர் தென்னமாராம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நம் தென்னைமரம் காதில் விழும்!

1957-இல் நாடு விடுதலை பெற்றபோது, எங்கே பிறந்தோம் என்பது குடியுரிமைக் கேள்வியாயிற்று. பிறப்பைப் பதியாமல் விட்ட குடும்பங்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்தன. அக்காலத்திலேயே பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தோட்டம் போனால் டிவிஷன் பெயரும் போகும். நில அலுவலக ஏடுகளில் முக்கிம் இருக்கும்.

அரசாங்கப் பெயர்களும் மாறுவதுண்டு. முன்பு குவாலா சிலாங்கூரைச் சேர்ந்திருந்த சபாக் பெர்ணம் பின்னர் தனி மாவட்டமாயிற்று. நம் சுங்கை பெசார் அதில் அடங்கும். பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. தாத்தாவின் பத்திரத்தில் ஒரு பெயரும் பேரனுடையதில் வேறு பெயரும் இருந்தால் பதற வேண்டாம். இன்றிரவு பெட்டியிலுள்ள பத்திரங்களை எடுத்து, தோட்டப் பெயரோடு முக்கிம், மாவட்டப் பெயர்களையும் பிள்ளைகளைக் கொண்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.