கிளிவெட்டிக்கு நோயாளர் காவுவண்டி: நேரம் எங்கே போகிறது?

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூர்ப் பகுதியில் வயல்கள் சூழ்ந்த ஊர் கிளிவெட்டி. 1996 பெப்ரவரி 11 அன்று 24 பொதுமக்கள் படுகொலை செய்யப்பட்ட குமாரபுரம் இதன் அயலில் உள்ளது. 2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் பல ஆண்டுகள் தங்கியிருந்த முகாமும் இங்கேதான் இருந்தது. போர் முடிந்த பின்னரும் கிளிவெட்டி, மேன்காமம், கங்குவேலி போன்ற ஊர்களின் மக்களிடம் ஒரு கவலை நீடிக்கிறது: அவசர நோயாளியை உரிய நேரத்தில் வைத்தியசாலையில் சேர்க்க முடியுமா?

முன்னர் திருகோணமலையிலிருந்து கரையோரமாக மூதூருக்கு வருவோர் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகிய துறைகளில் பாதை ஏறிக் கடக்க வேண்டும். பாதை மறுகரையில் நின்றால் நோயாளியும் காத்திருக்க வேண்டியதுதான். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஏனைய பாலங்களும் அமைந்த பின்னரே இந்த வழி வாகனங்களுக்குத் தடையற்றதானது. பாலமில்லாத இடங்களில் ஆபத்து நீங்கவில்லை என்பதை, 2021 நவம்பர் 23 அன்று மாணவர்கள் உட்படப் பலரைப் பலிகொண்ட குறிஞ்சாக்கேணிப் பாதை விபத்து காட்டியது.

1990 சுவசெரிய இலவசச் சேவை, இந்திய நன்கொடையுடன் 2016 ஜூலை 28 அன்று மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கியது. 2018 ஜூலையில் வடக்குக்கு வந்து, அதன் பின்னரே கிழக்கை எட்டியது. நாடு முழுவதற்கும் திட்டமிடப்பட்ட வண்டிகள் 297. ஒரு வண்டி நோயாளியோடு தொலைதூரம் சென்றிருந்தால், அடுத்த அழைப்புக்கு வேறு ஊரிலிருந்துதான் வண்டி வரவேண்டும்.

ஆனால் தாமதம் வீட்டு வாசலில் மட்டும் ஏற்படுவதில்லை. 1990 வண்டியின் முதன்மைப் பணி, சம்பவ இடத்திலிருந்து அரச வைத்தியசாலைக்கு நோயாளியைக் கொண்டு சேர்ப்பது. மூதூர் தள வைத்தியசாலையிலிருந்து திருகோணமலைக்கோ மட்டக்களப்புக்கோ மாற்றுவதற்கு வைத்தியசாலையின் சொந்த வண்டி, சாரதி, கூடச் செல்லும் தாதியர் எல்லாம் தேவை. இதில் ஒன்று குறைந்தாலும் நோயாளி கட்டிலிலேயே காத்திருப்பார்.

பக்கவாதத்துக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும். அதற்கு முன் மூளையை ஸ்கான் செய்யவேண்டும். ஆகவே வண்டி விரைவாக வந்தது என்பது மட்டும் போதாது. அந்த வசதியுள்ள வைத்தியசாலையை எத்தனை மணிக்கு அடைந்தார் என்பதே உயிரைத் தீர்மானிக்கும். பாம்புக்கடியிலும் அப்படித்தான். விஷமுறிவு மருந்து வைத்தியசாலையில்தான் கிடைக்கும். கடிவாயைக் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் தீங்கையே தரும். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து உடனே புறப்பட வேண்டும்.

மீள்குடியேறிய ஊர்களில் பல ஒழுங்கைகளுக்குப் பெயரில்லை. எனவே அழைப்பவர் ஊர், பிரதான வீதி, அருகிலுள்ள கோயில் அல்லது பாடசாலை, நோயாளியின் நிலை ஆகியவற்றை முதலில் சொல்ல வேண்டும். தொலைபேசியைத் துண்டிக்காமல், ஒருவரைச் சந்திக்கு அனுப்பி வண்டியை மறிக்கச் செய்வது நல்லது. இரவில் அவர் கையில் டோர்ச் இருக்கட்டும்.

ஊர்ச் சங்கங்கள் செய்யக்கூடியது இன்னொன்று உண்டு. அழைத்த நேரம், வண்டி வந்த நேரம், மாற்ற முடிவான நேரம், புறப்பட்ட நேரம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு சம்பவத்திலும் குறித்து வைக்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இதே விபரங்களைச் சுவசெரிய மன்றத்திடமும் சுகாதாரத் திணைக்களத்திடமும் தமிழிலேயே கேட்கலாம். கோரிக்கை பற்றிய முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். "வண்டி தாமதம்" என்ற பொதுவான முறைப்பாட்டைத் தட்டிக்கழிக்கலாம். தாமதம் வீதியிலா, வண்டித் தட்டுப்பாட்டிலா, இடமாற்றத்திலா என்று நேரத்தோடு காட்டினால், எந்த அதிகாரி பதில் சொல்ல வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.