கோல்ஃப் மைதானங்கள் வீட்டுமனைகளாவது ஏன்? ஆட்டத்தின் தேய்வும் நில உரிமையும்

கோல்ஃப் ஆடுவோர் குறைந்துவிட்டார்கள், அதனால்தான் மைதானங்கள் வீட்டுமனைகளாகின்றன என்ற விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கப் புள்ளிவிவரங்கள் முதல் பார்வையில் இதற்கு இடம் தருகின்றன. 2000-களின் தொடக்கத்தில் அங்கு ஆடியவர்கள் சுமார் 3 கோடி. 2018 வாக்கில் அது ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சமாகச் சரிந்தது. 2006 முதல் ஆண்டுதோறும் திறக்கப்படும் மைதானங்களைவிட மூடப்படுபவையே அதிகம். ஆயினும் இரண்டு சரிவுகள் ஒரே காலத்தில் நிகழ்ந்ததால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. மைதானங்களின் தலைவிதியை ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையைவிட நிலத்தின் உரிமை முறையே தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில், மைதானங்கள் ஏன் அத்தனை பெருகின என்று பார்க்க வேண்டும். 1988-இல் அமெரிக்கத் தேசிய கோல்ஃப் அறக்கட்டளை, வரவிருக்கும் தேவையை ஈடுகட்ட 2000 வரை நாளுக்கொரு மைதானம் திறக்க வேண்டும் என்று கணித்தது. 1986 முதல் 2005 வரை மைதானங்களின் எண்ணிக்கை 44 விழுக்காடு உயர்ந்தது. இவற்றில் கணிசமான பங்கை எழுப்பியவர்கள் வீட்டுமனை வணிகர்கள். புல்வெளியைப் பார்த்த வீடு கூடுதல் விலைக்குப் போகும். அந்தக் கூடுதல் விலைதான் அவர்கள் எதிர்பார்த்த வருவாய். ஆகவே ஆட்டக்காரர்கள் எங்கே இருந்தார்கள் என்பதைவிட மனைகள் எங்கே விற்கும் என்பதே இடத்தைத் தீர்மானித்தது. மனைகள் விற்றுத் தீர்ந்தபின் தண்ணீர், உரம், புல் வெட்டும் கூலி ஆகிய செலவுகள் மட்டும் மிஞ்சின. இம்மைதானங்கள் பிறந்ததே வீட்டு வணிகத்தின் துணைப்பொருளாகத்தான்; அவை மீண்டும் வீடுகளாவதை விளையாட்டின் வீழ்ச்சி என்று மட்டும் படிப்பது பிழையான வாசிப்பு.

2020-க்குப் பிந்தைய ஆண்டுகள் இதைச் சோதித்துப் பார்க்க உதவுகின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் ஆட்டம் மீண்டும் பெருகியது. 2021-இல் அமெரிக்காவில் 52 கோடிக்கும் மேற்பட்ட சுற்றுகள் ஆடப்பட்டன. மூடல்கள் வேகம் குறைந்தனவே தவிர நிற்கவில்லை. தேவைக்கு இதில் பங்குண்டு என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் 18 குழி மைதானம் ஒன்று சுமார் 150 ஏக்கர். ஒரே உரிமையாளரின் கையில், இடிக்க வேண்டிய கட்டடம் அதிகமின்றிக் கிடக்கும் நிலம். நகரம் அதைச் சூழ்ந்து வளர்ந்துவிட்டால், நிறைந்து ஆடப்படும் மைதானத்துக்கும் விலை பேசப்படும்.

விலை படிந்தாலும் வீடு எழுந்துவிடாது. லாஸ் வேகஸின் பேட்லேண்ட்ஸ் மைதானம் இதற்குச் சான்று. சுமார் 250 ஏக்கர் பரப்புள்ள அதை 2015-இல் வாங்கிய கட்டுமானத் தரப்பு அடுத்த ஆண்டே மூடியது. புல்வெளியை நம்பி வீடு வாங்கிய அண்டையர் எதிர்த்தனர். மாநகராட்சி அனுமதி மறுத்தது. நிலத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் 4 கோடியே 80 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்ற தீர்ப்பை 2024-இல் நெவாடா உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதுவரை அந்நிலத்தில் ஆட்டமும் இல்லை, குடியிருப்பும் இல்லை.

சிங்கப்பூரில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கு மைதான நிலம் அரசினுடையது, சங்கங்கள் குத்தகைதாரர்கள். நாட்டின் பரப்பில் சுமார் 2 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 1,500 ஹெக்டேர், கோல்ஃபுக்குப் போயிருந்த நிலையில், சில குத்தகைகள் புதுப்பிக்கப்பட மாட்டா என்று 2014-இல் அரசு அறிவித்தது. 1904-இல் தொடங்கிய கெப்பல் சங்கத்தின் குத்தகை 2021 இறுதியில் முடிந்தது; ஆட்டம் களைகட்டியிருந்த காலம் அது. அந்நிலத்தை உள்ளடக்கிய குடியிருப்பில் 9,000-க்கு மேற்பட்ட வீடுகள் திட்டமிடப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகள். அருகிலுள்ள பெர்லேயர் ஓடையின் சதுப்புநிலக் காட்டைக் கருதி உயிரினங்கள் கடந்துசெல்லும் வழிகளும் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. குத்தகைக்கு முடிவுத் தேதி இருந்ததால்தான் இவ்வளவும் முன்கூட்டியே திட்டமிட முடிந்தது.

ஹாங்காங்கிலும் நிலம் அரசுக் குத்தகைதான். ஆயினும் வேகம் இல்லை. ஃபான்லிங் மைதானத்தின் 172 ஹெக்டேரில் 32 ஹெக்டேரை அரசு 2023 செப்டம்பரில் திரும்பப் பெற்றது. அதில் சுமார் 9 ஹெக்டேரில் 12,000 அரசு வீடுகள் என்ற திட்டம் மரங்கள், பழைய கல்லறைகள், சூழல் மதிப்பீடு ஆகியவற்றைச் சுற்றிய வழக்கில் சிக்கியது. வீடின்றித் தவிப்போர் நிறைந்த நகரில் இந்தத் தாமதம் என்னைக் கலங்கச் செய்கிறது. எனினும் மரங்களைப் பற்றிய கேள்வியைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது.

இழப்பு யார் தலையில் விழுகிறது என்பதையும் ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பேன். அமெரிக்காவில் மூடப்பட்டவற்றுள் மிகுதி, எவரும் குறைந்த கட்டணத்தில் ஆடக்கூடிய பொது மைதானங்கள். சிங்கப்பூரில் உறுப்பினர் அல்லாதோரும் ஆடக்கூடிய ஒரே 18 குழிப் பொது மைதானமான மரீனா பே 2024-இல் மூடப்பட்டது. அரசு நிலத்தை வீட்டுக்குத் திருப்புவதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் எங்கு நேர்ந்தாலும், சாமானியர் ஆடும் இடத்தை முதலிலும் உறுப்பினர் சங்கத்தின் இடத்தைக் கடைசியிலும் எடுக்கும் வரிசையை ஏற்க இயலாது. குத்தகை முடிவுகளைப் பரிசீலிக்கும் குழுக்கள், ஒவ்வொரு மைதானத்திலும் ஓர் ஏக்கரைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர், அவர்கள் யார் என்ற கணக்கை வெளியிட்ட பின்னரே எதை முதலில் எடுப்பது என்று முடிவுசெய்ய வேண்டும்.